மேலே மாட்டிய பம்ப்

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டி முடித்த மோட்டாரில் ஒரு சீட்டைக் கட்டி, அதில் ஊர்ப் பெயரையும் எத்தனை ஹெச்.பி. என்பதையும் எழுதுவேன். இருபத்தைந்து வருடமாக என் எழுத்து அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நாலு பேர் படிப்பதற்கு எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. ஆனால் அந்த மூன்று நாட்களை நினைத்தால் இன்னமும் கை பரபரக்கிறது. யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பைப் பற்றி வரும் இடங்களில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது தென்காசியில் மோட்டார் ரீவைண்டிங் கடை. முன்பக்கம் என் வீட்டுக்காரர். வருகிறவர்களிடம் பேசுவது, வயல் கிணறுகளுக்குப் போய் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வருவது, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவது எல்லாம் அவர். பின்பக்கம் நான். எரிந்த காயிலை வெட்டி எடுப்பேன், புதுக் கம்பி சுற்றுவேன், வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பேன், ஓட்டிப் பார்ப்பேன். நடுவில் ஒரு திரை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே ஒரு ஆள் இருப்பதே தெரியாது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

அது ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரல் தென்காசிவரைக்கும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை கடை வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. நின்றது என்பதைவிடப் படுத்தது என்றே சொல்லலாம். அவ்வளவு தாழ்வு. என் வீட்டுக்காரர் நின்றபடியே அதன் கூரையைக் குனிந்து பார்த்தார். நம்பர் பிளேட்டில் அரபி எழுத்து. ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் இரண்டு சீட். பின்னாலும் ஒன்று உண்டு, ஆனால் அதில் ஒரு பை உட்காரலாம், ஆள் உட்கார முடியாது.

இறங்கி வந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். ஊர் தென்காசிதான். பதினெட்டு வருடமாக வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் என் வீட்டுக்காரர் முதல் பேச்சிலேயே சிஸ்டர் என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். அங்கே யாரோ ஓட்டிப் பழசான இந்தக் காரை அவர் வாங்கிப் பல வருடம் ஆகிறதாம். இந்தத் தடவை நீண்ட விடுப்பில் வரும்போது, ஆறு மாதத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். அந்த வாரத்தோடு விடுப்பு முடிகிறது. அடுத்த வாரம் அவரும் போக வேண்டும், காரும் போக வேண்டும்.

துணிப்பையிலிருந்து இரண்டு பம்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பழசு. எண்ணெய் பிடித்து, சீல் போய், தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. அந்த மாதிரி பம்ப் இப்போது செய்வதே இல்லையாம். இன்னொன்று புதிது, கரண்டில் ஓடுவது, உள்ளங்கையில் அடங்கும். பழசை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும். நாலு ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டாராம். ஒரு இடத்தில் பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடியிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில், பம்ப் என்றால் பம்ப் கடைக்குப் போங்கள் என்று கேலியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. “பம்புன்னு சொல்லிட்டீயள்லா சிஸ்டர், அப்ப அது நம்ம வேலைதான். கெணத்துத் தண்ணிய எடுக்கதும் கார்த் தண்ணிய எடுக்கதும் ஒண்ணுதான்” என்றார். சொல்லிவிட்டு இரண்டு பம்புகளையும் திரைக்கு உள்ளே நீட்டி, “ஏட்டி, இந்தா பாரு” என்றார்.

சிஸ்டர் திரையை விலக்கி உள்ளேயே வந்துவிட்டார். கம்பிச் சுருள்களுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளக்கினார். இது டர்போ வண்டி. என்ஜினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றி, வெளிக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் வேகம் அதிகம். ஆனால் அழுத்திய காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பின் முனை சுடுகிறதே, அதுபோல. சுட்ட காற்று உள்ளே போனால் என்ஜினுக்குக் கெடுதல். அதனால் அந்தக் காற்றை ஒரு பெட்டி வழியாக விட்டு, பெட்டியைத் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்கு என்று தனியாக ஒரு சின்னத் தொட்டி, முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், சுற்றிவர ஒரு பம்ப். என்ஜின் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய பம்ப் என்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. அது தேய்ந்து தண்ணீரைத் தள்ளுவது நின்றுவிட்டது. சூடு ஏறியதும் வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

இது ஓடாவிட்டால் என்ன, மெதுவாகப் போகலாமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது.

கோயம்புத்தூரில் ரேஸ் மைதானம் ஒன்று இருக்கிறது. சில நாட்களில் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டு போய் ஓட்டலாம். போன மாதம் போயிருக்கிறார். இரண்டாவது சுற்றிலேயே பம்ப் கைவிட்டு, வண்டி வேகம் குறைந்து, ஒவ்வொரு காராக இவரைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஓரமாக வந்து நிறுத்தியதும், அங்கே சொல்லித்தருகிறவர் ஜன்னலில் குனிந்து, பயப்படாதீங்க மேடம், மெதுவா ஓட்டினாலும் தப்பில்லை என்றாராம்.

“நான் பயந்து மிதிக்காம விட்டேன்னு நெனச்சிட்டாங்கக்கா. வண்டிதான் கொறச்சிச்சின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பதினெட்டு வருசம் ஐ.சி.யூ.ல நின்னவ நான். எனக்கு ஸ்பீடுன்னா பயமா?” என்றார். “இந்த ஞாயித்துக்கிழம ஒரு நாள் இருக்கு. அதுக்கப்புறம் எனக்கும் இல்ல, வண்டிக்கும் இல்ல.”

சனிக்கிழமை மத்தியானம் அவர் கிளம்ப வேண்டும். கையில் இரண்டு நாளும் கொஞ்சமும். நான் புதுப் பம்பை பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். சின்னதாக ஒரு நடுக்கம், பூனை உறுமுவது போல ஒரு சத்தம். ஒரு குண்டாவில் முக்கி ஓட்டினேன். தண்ணீர் எகிறி என் வீட்டுக்காரர் சட்டையில் விழுந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அப்போதே உற்சாகம் பிடித்துவிட்டது.

அன்று பகல் முழுவதும் அந்த வேலைதான். பழைய பம்பைக் கழற்றியதும் என்ஜின் பக்கத்தில் ஒரு ஓட்டை வந்தது. அதை மூடாவிட்டால் எண்ணெய் வெளியே கொட்டும். என் வீட்டுக்காரர் அளவெடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் அலுமினியத்தில் ஒரு மூடி கடைந்துகொண்டு வந்தார். கசியாமல் இருக்க, மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் ஷீட்டில் நான் வட்டம் வெட்டிக் கொடுத்தேன். சாவியைத் திருப்பினால் பம்ப் ஓட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். அதற்கு ஒரு ரிலேயும் ஃபியூஸும் வைத்து ஒயர் இழுத்தேன். இருபத்தைந்து வருடமாக ஒரு காரின் பேனட்டுக்குள் நான் தலையை விட்டதில்லை. விட்ட பிறகு எடுக்க மனமில்லை. எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தார்கள்! மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடாமல் சாப்பிடப் போய்விட்டார்.

பம்பை எங்கே மாட்டுவது என்ற இடத்தில்தான் நான் வாய் திறந்தேன். சிஸ்டர் போனில் ஒரு படம் காட்டினார். அதே கார் வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரர் யாரோ மாட்டியது. பம்ப் கீழே, பம்பருக்குப் பின்னால், ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

எங்கள் கடைக்கு வருகிற மோட்டாரில் பாதி, மழைக்காலத்தில் கிணறு பெருகி மூழ்கியவை. அதனால்தான் விவசாயிகள் கிணற்றுக்குள் மேடை கட்டி, தண்ணீர் எட்டாத உயரத்தில் மோட்டாரை வைப்பார்கள். குழாய் மட்டும் கீழே போகும். மோட்டார் மேலே, தண்ணீர் கீழே. இது எனக்குப் பாடம் மாதிரி. ரோட்டுத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் ஒரு மோட்டாரைக் கட்டித் தொங்கவிடுவதா?

“சிஸ்டர், அங்கன வச்சா செத்துப்போகும். இது சாரல் ஊரு. மேல வைப்போம்” என்றேன். நான் அப்படி அழுத்திச் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் யோசித்தார். பிறகு, “பம்பப் பத்தி உங்களுக்குத்தான தெரியும்” என்று விட்டுவிட்டார்.

என்ஜினுக்குப் பக்கத்துச் சுவரில், எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டியைவிட ஒரு சாண் உயரத்தில், பட்டியும் ரப்பரும் வைத்து அழகாக மாட்டினேன். கிணற்றுப் பம்புக்கு ஊற்றுவது போல மேல் குழாயைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு, மறுபடி மாட்டினேன். சாவியைத் திருப்பச் சொன்னேன். தொட்டிக்குள் திரும்பி வருகிற குழாயிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. சிஸ்டர் கை தட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏதோ அவரே ஆற்றைத் திருப்பிவிட்ட மாதிரி நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டிப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுத் தயாராக இருந்தார். காரில் ஏறப்போனால் வயிறு உள்ளே போகவில்லை. குனிந்து, கோணி, ஒரு காலை முதலில் விட்டு, தலையை முதலில் விட்டு, எல்லாம் பார்த்தார். கடைசியில் இறங்கி, “நீயே போ. நீதான சின்ன ஆளு” என்றார். நான் மாட்டேன் என்றேன். சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். காற்று எவ்வளவு சூட்டில் என்ஜினுக்குள் போகிறது என்று காட்டுகிற ஒரு சின்னப் பெட்டியை அவர் முன்பே ஒட்டிவைத்திருந்தார்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் இருப்பது வலது பக்கம். நம் ஊரில் ஓட்டுகிறவர் இருக்கிற இடம். என் வீட்டுக்காரர் ஜன்னலில் குனிந்து, “ஏட்டி, டிரைவர் சீட்டுலலா உக்காந்திருக்க. பாத்து ஓட்டு” என்றார்.

குற்றாலம் ரோட்டில் ஏறியதும் அத்தனை பேர் கண்ணும் என்மேல்தான். சேலை கட்டி, தலை கலைந்து, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை சிவப்புக் கார் ஓட்டிப் போகிறாள் என்று நினைத்தார்கள். பஸ்ஸில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முந்தானையால் முகத்தைப் பாதி மூடினேன். அதனால் இன்னும் மோசமாகிவிட்டது.

மெயின் அருவிக்குப் போகும் வழியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். நேரே என் பக்கம் வந்தார்.

“லைசென்ஸ் எடுங்கம்மா.”

“நான் ஓட்டல சார்.”

“நீங்க ஓட்டலன்னா வண்டி தானா வருதோ?”

சிஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சார், இங்கன பாருங்க” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டினார். அவர் குனிந்து, என் முன்னால் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தார். சிஸ்டர் நீட்டிய லைசென்ஸைச் சரியாகப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டு, “ஏல, இங்க வந்து இதப் பாரு” என்றார். இரண்டு பேருமாகக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது முதலில் வந்தவர் எனக்குத்தான் வழிவிட்டுக் கை அசைத்தார்.

ஐந்தருவி ரோட்டில் கூட்டம் குறைந்தது. சாரல் பூப்போலக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு தடவை மிதித்தார். சீட் என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. முன்னால் விசில் போல ஒரு சத்தம் ஏறி, உடனே மூச்சு விடுவது போல இறங்கியது. அதுதான் டர்போ என்றார். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் சொல்லித்தான் தெரிந்தது. எண் முப்பத்தைந்து, முப்பத்தாறு. போன மாதம் எண்பதைத் தொட்டதாம். ஒரு மரத்தடியில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கி, விரல் எல்லாம் ஊதாக் கறையாகத் தின்றோம். சிஸ்டர் கோயம்புத்தூர் வளைவுகளை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து காட்டினார். வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

திரும்பித் தென்காசிக்கு வந்தபோது வெயில் வந்திருந்தது. இன்னும் மனசு ஆறாமல், ஆய்க்குடி ரோட்டில் ஒரு ஓட்டம் போய்வருவோம் என்றார் சிஸ்டர். அங்கே கொஞ்சம் நேரான, ஆள் இல்லாத இடம் உண்டு. போனோம். எண் நாற்பத்தெட்டு ஆனது. ஐம்பத்தைந்து. நான் வாசித்துக்கொண்டே வந்தேன். அறுபத்து மூன்று என்றபோது என் குரல் இறங்கிவிட்டது. எழுபத்தைந்தில் வண்டி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி சோர்ந்தது. ஒரு ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது.

சிஸ்டர் ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் வயல். என்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பச் சொல்லி, நான் பேனட்டுக்குள் காதை வைத்தேன். பம்ப் ஓடியது. ஆனால் நேற்றுக் கேட்ட உறுமல் இல்லை. மெல்லிசாக, உச்சத்தில், ஈ பறப்பது போல இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றுகிற பம்பின் சத்தம். தொட்டியைத் திறந்தேன். தண்ணீர் இருந்தது. குழாயில் வரத்து இல்லை.

அங்கேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிணற்றுக் குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒரு கதவு இருக்கும். தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மோட்டார் மேலே இருந்தாலும் நடக்கிறது. இங்கே அந்தக் கதவு இல்லை. ஓட ஓட, குழாய்களில் இருந்த காற்றெல்லாம் சேர்ந்து உயரமான இடத்துக்குப் போய்விட்டது. உயரமான இடம் நான் மாட்டிய பம்ப். இந்தச் சின்னப் பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றைத் தள்ளத் தெரியாது. காலையில் குற்றாலத்தில் எண் ஏறாமல் இருந்தது பம்பால் இல்லை. மலைக்காற்றும் சாரலும் கூட்டத்தில் ஊர்ந்து போனதும்தான் வண்டியைச் சூடாகவிடாமல் வைத்திருக்கின்றன. சாரலில் சோதித்துப் பார்த்துவிட்டு மங்குஸ்தான் தின்றிருக்கிறோம்.

மெதுவாக உருட்டிக் கடைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பம்பைத் தட்டிப் பார்த்தார். “சரக்கு சரியில்ல சிஸ்டர். ஆன்லைன் சாமான் இப்படித்தான். புதுசா ஒண்ணு வரவழச்சாத்தான் உண்டு” என்றார்.

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வரவழைக்க நாள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர், நேற்றுப் பார்த்தவர்கள், இன்றும் வந்து நின்றிருந்தார்கள். பம்ப் கெட்டது என்ற பேச்சு அப்படியே நின்றிருந்தால் யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சிஸ்டர் அன்று சாயங்காலமே கோயம்புத்தூர்ப் பயணத்தை ரத்து செய்திருப்பார். நான் திரைக்கு உள்ளே போய் அடுத்த மோட்டாரை எடுத்திருக்கலாம். ஒரு நிமிடம் போகவும் செய்தேன். கம்பியைக் கையில் எடுத்தேன். விரலில் இன்னமும் மங்குஸ்தான் கறை.

திரும்பி வெளியே வந்து, “பம்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா வச்சிட்டேன்” என்றேன்.

“என்னட்டி சொல்லுத?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மேல வச்சது தப்பு. அந்தப் படத்துல இருந்த மாதிரி கீழதான் வச்சிருக்கணும். காத்து பிடிச்சிருக்கு. சிஸ்டர் சொன்னாவ, நான்தான் கேக்கல.”

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. வாசலில் நின்ற ஒருவர், “அப்ப கெணத்துத் தண்ணியும் கார்த் தண்ணியும் ஒண்ணு இல்லயோ அண்ணாச்சி?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர், “உமக்கு கடையில வேல இல்லயா?” என்றார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு, “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாத்த முடியுமாக்கா?” என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்வரை கழற்றினோம். சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி தொடங்கினோம். இப்போது எல்லாம் தலைகீழ். தண்ணீர்த் தொட்டி மேலே, பம்ப் எல்லாவற்றுக்கும் கீழே. தொட்டித் தண்ணீர் தானாகவே இறங்கிப் பம்பை எப்போதும் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே வைப்பதில் எனக்கு இருந்த பயம் மட்டும் போகவில்லை. ஒயர் சேருகிற இடத்தைக் கீழ்நோக்கித் திருப்பி, உள்ளே கிரீஸ் வைத்து, மேலே சுருங்குகிற ரப்பர் குழாய் போட்டு மூடினேன். முன்னால் பழைய டியூபை வெட்டி ஒரு மறைப்பும் கட்டினேன். ஒயரைத்தான் காப்பாற்ற வேண்டும், பம்ப் நனைந்தால் ஒன்றுமில்லை என்று சிஸ்டர் சொன்னார். இந்த முறை கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மறைப்பை எடுக்கவில்லை.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. தொட்டி இருக்கிற முன்பக்கம் உயர வேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு பலகையைச் சரிவாகப் போட்டு, காரின் முன்சக்கரங்களை அதில் ஏற்றவைத்தார். நான் தொட்டி மூடியைத் திறந்துவைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அவர் கீழே படுத்துக் குழாயை ஒவ்வொரு இடமாக அமுக்கி அமுக்கி விட்டார். ஒவ்வொரு அமுக்குக்கும் தொட்டியில் பொளக் பொளக் என்று குமிழி வந்தது. குமிழி வரும்போதெல்லாம் சிஸ்டர் எண்ணினார். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. பம்பை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, ஒன்றரை மணி நேரம். கடைசியில் குமிழி நின்றது. ஈ சத்தம் போய் அந்தப் பூனை உறுமல் வந்தது. வரத்துக் குழாயில் வியாழக்கிழமை பார்த்ததைவிடப் பருமனாகத் தண்ணீர் விழுந்தது.

“அரை மணி நேரம் அப்படியே நிக்கட்டும்” என்றேன். நின்ற பிறகும் தண்ணீர் வருகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று பேரும் டீ குடித்தோம். அரை மணி கழித்து சிஸ்டர் சாவியைத் திருப்பினார். உடனே பாய்ந்தது.

பதினொன்றரைக்கு வெயில் நன்றாக இருந்தது. மேற்கே மலை மூடிக் கிடந்தது. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று நானே சொன்னேன். அதே ஆய்க்குடி ரோடு. நானே கதவைத் திறந்து வலது பக்கம் ஏறினேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. என் கண் எண்ணில்.

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. நேற்று நின்ற வயல் வந்தது. நாற்பத்து மூன்று. சிஸ்டர் மிதித்தார். விசில் ஏறியது, தென்னைமரங்கள் பின்னால் ஓடின, என் வயிறு எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. நாற்பத்தாறு. காலை எடுத்தார், நாற்பத்து மூன்று. மறுபடி மிதித்தார், நாற்பத்தாறு. மறுபடி. மறுபடி. ஐந்து தடவை. நாற்பத்தாறைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைக் கத்திச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவருக்கு அவ்வளவு சத்தமாகச் சொல்லத் தேவையே இல்லை.

“மிதிங்க சிஸ்டர், இன்னும் மிதிங்க” என்று நான் சொன்னதாக அவர் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் சொல்லியிருக்கலாம்.

கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு அப்படியே கிளம்பினார். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பேர் ரிலேயும் நாலு ஃபியூஸும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஜன்னல் வழியே கொடுத்தார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எப்படி ஊற்ற வேண்டும் என்று நான் இரண்டாம் தடவையாகச் சொன்னேன். சரிக்கா, சரிக்கா என்றார். சிவப்புக் கார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி மறையும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. சாயங்காலம் சிஸ்டர் போன் செய்தார். பத்தொன்பது சுற்று ஓட்டியதாகவும், எண் ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை என்றும், அங்கே சொல்லித்தருகிறவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.